மரம் போனால் மருந்துச் சரக்கும் போகும்

நாட்டு மருந்துச் சரக்கு இல்லாத மளிகைக் கடை நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அபூர்வம். சுக்கு, திப்பிலி, கடுக்காய் டப்பாக்களோடு நிலவேம்பும் நன்னாரி வேரும் இருக்கும். இந்தச் சரக்கில் ஒரு பங்கு கொல்லிமலையிலிருந்து இறங்குகிறது. சில ஆண்டுகளாக மலைச் சரக்கின் வரத்து குறைந்து வருவதையும், வருவதும் சன்ன ரகமாக இருப்பதையும் மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் பார்த்து வருகிறோம். விரல் கனத்தில் வந்த நிலப்பனைக் கிழங்கு இப்போது பென்சில் கனத்தில் வருகிறது. கேட்டால், மலை ஜனங்கள் அளவுக்கு மீறித் தோண்டிவிட்டார்கள் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

கூரையைப் பிரித்துவிட்ட கிடங்கில் சரக்கு வைத்தால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டுத் தரையும் அப்படித்தான். பெரிய மரத்தை வெட்டியதும் வெயில் நேரே தரையில் அடிக்கிறது. சருகு மெத்தை காய்ந்து போகிறது, மண்ணின் ஈரம் வற்றுகிறது. வெட்டிய மரத்தை இழுத்து வரும் வழியில் இளஞ்செடிகள் நசுங்கி, மண் இறுகிவிடுகிறது. அடுத்த மழையில் சரிவில் உள்ள மேல்மண் ஓடைக்குப் போய்ச் சேருகிறது. காலியான இடத்தில் உண்ணிச்செடியும் புல்லும் ஏறுகின்றன. கோடையில் அவைதான் தீக்கு இரை. நிழல் கேட்கும் நிலப்பனை அந்த இடத்தில் திரும்ப வருவதில்லை. வெளிச்சம் தாங்கும் நிலவேம்பு போன்றவை சில காலம் நன்றாகவே வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, மரம் போனாலும் மூலிகைக்குக் கேடில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

மலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வாங்கி வரும் முடவாட்டுக்கால் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது மண்ணுக்குள் விளையும் கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்தின் மேலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணியின் தண்டு. மரத்தைச் சாய்த்தால் அதோடு இதுவும் சாய்கிறது. நிழல் இழந்த பாறையோ சூடேறிப் போகிறது.

ஒரு காலத்தில் தமிழகக் காடுகளில் கூப்பு ஏலம் விட்டு மரம் இறக்கினார்கள். 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 12-இல், ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டு மரம் வெட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே இன்று கொல்லிமலையில் நிழல் குறைவது வேறு வழியில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சோளக்காடு போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மேலே பட்டா நிலத்தில் மிளகுக் கொடி ஏற்றுவதற்கென்றே வரிசையாக சில்வர் ஓக் நிற்கிறது. இன்னொரு பக்கம் மரவள்ளி. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில்கூட, சேகோ ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி வந்துவிட்டது. கிழங்கு பிடுங்கிய சரிவில் மண் நிற்பதில்லை. ஜவ்வரிசி மூட்டையும் நம் கடையில்தான் இருக்கிறது, மூலிகை டப்பாவும் நம் கடையில்தான் இருக்கிறது. மலை விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பணம் தரும் பயிரைத்தான் யாரும் வைப்பார்கள்.

கொல்லிமலையின் கோவில் காடுகளில் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தெய்வத்துக்குப் பயந்து கோடரி வைப்பதில்லை. வெளியே காணாமல் போன செடி கொடிகள் பல அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. 1990-களில் வனத்துறை இந்த மலையிலேயே ஒரு பகுதியை மூலிகைப் பாதுகாப்புப் பகுதியாக ஒதுக்கியது. மரத்தோடு சேர்த்துத் தரையையும் காப்பதுதான் அதன் நோக்கம்.

நம் பக்கம் வருவோம். 2020-இல் கபசுரக் குடிநீருக்குக் கிராக்கி வந்தபோது, அதன் 15 சரக்குகளில் ஒன்றான சிறுதேக்கு வேருக்கு நாங்கள் அலையாத ஊரில்லை. வேரைத் தோண்டினால் செடி போயிற்று. அடுத்த செடி வர காடு வேண்டும். சரக்கு கிடைக்காத இடத்தில் கலப்படம் நுழைகிறது. நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கு வருவது நாம் அறிந்ததே. வாசனை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் முகர்ந்து பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். நன்னாரி கம்பி போல மெலிந்த வேர், மாகாளி சதைப்பற்றுள்ள தடித்த வேர். பொடி செய்து விற்றால் இந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே வேராகவே வாங்குங்கள்.

கண்வலிக் கிழங்கு மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் வயலுக்கு இறங்கிவிட்டது. மருந்துக்கூர்க்கன் சேலம் பக்கம் பயிராகிறது. இவற்றுக்குக் காட்டைத் தொட வேண்டியதில்லை. பயிர்ச் சரக்கையே கேட்டு வாங்கலாம். நிலப்பனையும் சிறுதேக்கும் அப்படிப் பெருமளவில் வயலுக்கு வரவில்லை. இந்த இரண்டுக்கும் முன்பணம் கொடுக்கிறவர்கள், விதை உதிர்ந்த பிறகு தோண்டிய, முற்றிய வேருக்குத்தான் விலை என்று இப்போதே தரகரிடம் சொல்லிவிடுங்கள். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்தாலும் கழிவு குறைவாக இருப்பதால் கணக்கு சரியாகவே வரும். காட்டுச் சரக்கு என்றால் வனத்துறை அனுமதிச் சீட்டையும் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.