ஒரே லீக்கில் இரு வங்காளங்கள்

கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரண்டு கால்பந்து கிளப்புகள் மோதும் ஆட்டத்தை இந்திய விளையாட்டின் மிகப் பெரிய பகை என்று சொல்வதுண்டு. 1997 ஜூலை 13 அன்று இவ்விரு அணிகளும் ஆடிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேருக்கு மேல் கூடினர். இந்தப் பகைக்கு 1947-இன் நாட்டுப் பிரிவினையே காரணம் என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். ஆனால் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிரிவினைக்கு 27 ஆண்டுகள் முன்பே தோன்றிவிட்டதால், அரசியல் கலவரங்கள் ஒரு கால்பந்துப் பகையை உண்டாக்குகின்றனவா, அல்லது ஏற்கெனவே இருந்த பகைக்குப் புதிய பொருளைத் தருகின்றனவா என்ற கேள்வி எழுகிறது.

1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்னும் பிரிட்டிஷ் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. பதினொரு பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடிய அந்த வெற்றி, 1905-இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்ததை எதிர்த்துச் சுதேசி இயக்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில் கிடைத்ததால், விளையாட்டு வெற்றி என்பதைத் தாண்டி அரசியல் வெற்றியாகவும் கொண்டாடப்பட்டது. அந்த அணியில் பலருடைய பூர்வீகம் கிழக்கு வங்காளம். எனினும் எதிரில் வெள்ளையர் அணி நின்றவரை கிழக்கு, மேற்கு என்ற பேதம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

அந்தப் பேதம் 1920-இல் வெளிப்பட்டது. மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் அணி, கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்க மறுத்தது. அந்த கிளப்பின் நிர்வாகிகளுள் ஒருவராக இருந்த தொழிலதிபர் சுரேஷ் சந்திர சௌதுரி அங்கிருந்து விலகி, நண்பர்களுடன் ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தொடங்கினார். படிப்பையும் வேலையையும் தேடிக் கிழக்கிலிருந்து நகருக்கு வந்தவர்களின் பேச்சும் பழக்கமும் நகரத்தாரின் ஏளனத்துக்கு ஆளாகிவந்த காலம் அது. மேற்கு வங்காளத்தாரைக் குறிக்கும் 'கோட்டி', கிழக்கிலிருந்து வந்தவர்களைக் குறிக்கும் 'பாங்கால்' ஆகிய இரண்டு பெயர்களும் பின்னர் மைதானத்து முழக்கங்களாக மாறின.

புதிய கிளப்புக்கு அடுத்த தடை ஆட்சியாளர்களிடமிருந்து வந்தது. கல்கத்தா கால்பந்து லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்பது அன்றைய விதி. அதை எதிர்த்து வாதாடி வென்று 1925-இல் முதல் பிரிவில் நுழைந்த ஈஸ்ட் பெங்கால், மே 28 அன்று தன் முதல் லீக் சந்திப்பிலேயே மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்தது.

இதற்கிடையே மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களைத் திரட்டி, 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டத்தை வென்றது. 1932-இன் வகுப்புவாரித் தீர்ப்பும் 1935-இன் இந்திய அரசுச் சட்டமும் வாக்காளர்களை மத அடிப்படையில் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்திருந்த ஆண்டுகளில் இந்த வெற்றிகள் கிடைத்ததால், முஸ்லிம் சமூகத்தின் எழுச்சிக்கு அடையாளமாக அவை பார்க்கப்பட்டன. 1946 ஆகஸ்டில் நகரைச் சூறையாடிய மதக்கலவரத்தைத் தொடர்ந்து 1947-இல் லீக் போட்டிகள் நடக்கவேயில்லை.

பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து பல இலட்சம் பேர் அகதிகளாக மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். ஜாதவ்பூர், பிஜய்கர் போன்ற தென்கொல்கத்தாப் பகுதிகளில் காலி நிலங்களைப் பிடித்துத் தாங்களே குடியிருப்புகளை அமைத்துக்கொண்ட அவர்களுக்கு, இழந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு கிளப் அங்கே ஏற்கெனவே காத்திருந்தது. வீடு, வேலை, ரேஷன் என்று எல்லாவற்றுக்கும் அலுவலக வாசல்களில் நின்றவர்களால், மைதானத்தில் மட்டும் உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாக எதிரே நிற்க முடிந்தது. மோகன் பகான் வென்றால் இறாலும் ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும் வாங்கிச் சமைப்பது வழக்கமானது.

பிறப்பைப் பற்றிய இந்தப் பகையில் ஆட்டக்காரர்களின் பிறப்பை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் வியப்பு. 1949-க்கும் 1953-க்கும் இடையே ஈஸ்ட் பெங்காலுக்குப் பெரும் வெற்றிகளைத் தேடித் தந்து 'பஞ்சபாண்டவர்' என்று பெயர்பெற்ற ஐந்து முன்கள வீரர்களான வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அனைவரும் தென்னிந்தியர்கள். அவர்கள் காலத்தில் 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஷீல்டு வெல்லப்பட்டது. ஒரு கிளப் யாருடையது என்பதைத் தீர்மானிப்பவர்கள் ஆடுகளத்தில் இருப்பவர்களைவிட, கட்டணம் செலுத்திப் படிக்கட்டுகளில் அமர்ந்திருப்பவர்களே என்பது இதனால் தெளிவாகிறது.

பகைக்கு உயிர்விலையும் கொடுக்கப்பட்டது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகள் ஆடியபோது ரசிகர்களிடையே மூண்ட கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தனர்.

இடம்பெயர்வும் அரசியலும் கால்பந்துப் பகைக்குப் பொருள் தரும் இதே போக்கை உலகின் பிற இடங்களிலும் காணலாம். பஞ்சத்தால் அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்குப் பெயர்ந்த கத்தோலிக்கர்களிடையே 1887-இல் செல்டிக் கிளப் உருவாகி, புராட்டஸ்டன்டு ஆதரவு பெற்ற ரேஞ்சர்ஸின் எதிரணியானது. ஜோர்டான் தலைநகர் அம்மானில் பாலஸ்தீன அகதி முகாமில் 1956-இல் பிறந்த அல்-வெஹ்தாத்துக்கும், உள்ளூர் மக்களின் அல்-ஃபைசலிக்கும் இடையிலான மோதல், 1970-இல் ஜோர்டான் ராணுவமும் பாலஸ்தீன இயக்கங்களும் போரிட்ட பிறகு மேலும் கூர்மையடைந்தது. மறுபுறம், 1990 மே 13 அன்று ஜாக்ரெப்பில் டைனமோ, ரெட் ஸ்டார் பெல்கிரேடு அணிகளின் ரசிகர்கள் மோதிக்கொண்டதற்கு அடுத்த ஆண்டே யூகோஸ்லாவியா உடைந்தது. நாடு உடைந்ததும் பொதுவான லீக்கும் இல்லாமற்போய், அந்த அணிகள் வெவ்வேறு நாடுகளின் போட்டிகளுக்குப் பிரிந்தன.

ஆகவே கால்பந்துப் பகைக்குப் பழைய காயம் மட்டும் போதாது. இரு தரப்பாருக்கும் ஒரே லீக்கில் இடம் வேண்டும், அந்த ஊரில் நிலைத்து வாழும் உரிமையும் வேண்டும். வங்காள அகதிகளில் பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைத்தன. ஜோர்டானிலும் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் குடியுரிமை பெற்றனர். திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களின் நிலை வேறு. 1983-க்குப் பின் வந்து தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு, 2021-இல் முகாம்களின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறிய பிறகும், குடியுரிமை பொதுவாகக் கிட்டவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டும் கருதிய 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. தமிழ் ஈழம் என்ற பெயரில் ஓர் அணி, ஃபிஃபா அங்கீகரிக்காத அணிகளுக்காக 2014-இல் சுவீடனில் நடந்த கோனிஃபா உலகக் கோப்பையில் ஆடியதற்குக் காரணமானவர்கள், குடியேறிய நாடுகளில் வேரூன்றிவிட்ட புலம்பெயர்ந்த தமிழர்கள்.

குடியுரிமைச் சட்ட விவாதம் கொழுந்துவிட்டெரிந்த 2020 ஜனவரியில், தங்கள் மண்ணுரிமை காகிதத்தால் வந்ததன்று என்று அறிவிக்கும் பதாகையை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் விரித்தனர். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை அடுத்துப் பாதுகாப்பு காரணம் காட்டி டியூரண்ட் கோப்பை மோதல் ரத்துசெய்யப்பட்டபோது, இரு அணிகளின் ரசிகர்களும் முகமதன் ரசிகர்களும் சேர்ந்து அரங்கின் வெளியே நீதி கேட்டுப் போராடினர். நூறாண்டுக்கு மேலாக ஒருவரையொருவர் எதிர்த்து முழங்கியவர்கள் ஒரே கோரிக்கைக்காக நின்றது, அந்தப் பகை இரு தரப்பாரையும் ஒரே நகரத்தின் மக்களாகவும் வளர்த்திருந்தது என்பதற்குச் சான்று.