உறுப்புக்களும் தொகுதியும்

பல்லாயிரம் உறுப்புக்கள் கூடியியங்கும் பெரும்பொறி ஒன்றில், ஒவ்வோர் உறுப்பும் வழுவற்றதாயின் முழுப்பொறியும் வழுவற்றதாகும் எனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. மரம், வேர் என்னுஞ் சொற்களைத் தனித்தனி நோக்குவார்க்கு, அவை புணருமிடத்து மகரங் கெட்டு மரவேர் என்றாதல் புலப்படாது. பொறித்தொகுதியின் சிக்கலும் உறுப்புக்கள் கூடுமிடத்திலேயே பெரிதும் உறைகின்றது.

இவ்வுண்மையை ஆரியான் 5 என்னும் ஐரோப்பிய ரொக்கெற்றின் வரலாறு நன்கு விளக்கும். 1996 ஆம் ஆண்டு யூன் மாதம் 4 ஆம் திகதி, பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரு என்னுமிடத்திலிருந்து அது முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 செக்கனில், 3,700 மீற்றர் உயரத்தில், நெறிதவறிச் சிதைந்தது. அது தாங்கிச் சென்ற நான்கு செய்மதிகளும் அழிந்தன.

எஞ்சினில் யாதொரு பழுதும் இருந்திலது. ரொக்கெற்றின் நிலையையும் வேகத்தையும் அறிவிக்குங் கருவியின் கணனி நிரல், முன்னைய ஆரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. ஆங்கு அது செவ்வனே பணிபுரிந்தது. ஆயின் புதிய ரொக்கெற்றின் கிடைவேகம் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக வளர்ந்தது. அவ்வேகத்தைச் சார்ந்த எண்ணொன்றை, குறியுட்பட 16 துவித இலக்கங்களுள் அடக்க நிரல் முயன்றது. அவற்றுள் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767 ஆகும். எண் அவ்வெல்லையைக் கடக்கவே கருவி செயலொழிந்தது. உதவிக்கென வைத்த இரண்டாங் கருவியும் அதே நிரலைக் கொண்டதாதலின், சற்று முன்னரே அவ்வாறே ஒழிந்திருந்தது. ஒழிந்த கருவி அனுப்பிய பழுதுக்குறிப்பைத் தலைமைக் கணனி பறப்பின் அளவீடெனக் கொண்டு, இல்லாத பிழையைத் திருத்தமுனைந்து ரொக்கெற்றைத் திருப்பிற்று. வியப்பென்னவெனின், அக்கணிப்பு மேலெழுந்தபின் ஆரியான் 5 இற்குத் தேவையற்றதொன்றாம்.

கணிதவறிஞர் லியோன்சு தலைமையில் அமைந்த விசாரணைக்குழு இவற்றை அவ்வாண்டு யூலையில் வெளிப்படுத்தியது. இதனாற் பெறத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, ஓருறுப்பு எவ்வெல்லைக்குள் நம்பத்தக்கது என்னும் எடுகோளை எழுதிவைத்து, அதனைப் புதிய இடத்திற் பயன்படுத்துமுன் மீளவும் ஆராய்தல். இரண்டாவது, உறுப்புக்களைத் தனித்துச் சோதிப்பதோடமையாது, அவற்றைக் கூட்டி, மெய்ப் பறப்பையொத்த நிலையிற் சோதித்தல். அக்கருவி புதிய பறப்புப் பாதைக்கேற்பச் சோதிக்கப்பட்டிலது. மூன்றாவது, தேய்வினாலும் உடைவினாலும் நேரும் பழுதுக்கே ஒத்த இரட்டைக் கருவி காவலாகும். அமைத்தோர் எண்ணத்தில் நேர்ந்த வழுவுக்கு அது காவலாகாது என்பதை உணர்தல்.

இவ்வழு திருத்தப்பெற்றபின் ஆரியான் 5 பல்லாண்டு பயன்பட்டு, 2023 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றது. ஆகவே சிக்கல் ஆளப்படாததொன்றன்று. துறைதோறும் வல்லுநர் பெருகும் இக்காலத்தில், ஒருவர் துறை பிறிதொருவர் துறையைத் தொடுமிடம் எவர் பொறுப்பிலுமின்றிக் கிடத்தல் கூடும். அவ்விடத்தை நோக்கி, "இதற்குப் பொறுப்பாளர் யார்?" என வினவப் பழகுதல், பொறியியல் பயிலப்புகும் மாணவர் முதற்கட் கொள்ளவேண்டிய கடனாம்.