ஊவாத் தோட்டங்களும் உளநெருக்கீடும்

உளநெருக்கீடு நகரத்து உத்தியோகத்தரின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் மறைந்தபாடில்லை. உடலால் உழைப்போர்க்கு உடல்வலி மட்டுமே உண்டு என்பது அதன் மறுபக்கம். பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை நோக்குமிடத்து இக்கருத்து எத்துணை பிழையானது என்பது புலனாகும்.

முதலில் உடலியலைச் சுருக்கமாகக் காண்போம். அச்சம், சினம், பசி, வலி என்பன உடலில் விளைவிக்கும் மாற்றங்களை அமெரிக்க உடலியலாளர் வோல்ட்டர் கனன் 1915இல் ஒரு நூலாக விளக்கினார். ஆபத்தை உணர்ந்ததும் பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டு, அதிரீனல் சுரப்பியிலிருந்து அதிரினலின் குருதியிற் கலக்கிறது. இதயத்துடிப்பு விரைகிறது, ஈரல் வெல்லத்தை விடுவிக்கிறது, சமிபாடு தடைப்படுகிறது. சற்றுப் பிந்திக் கபச்சுரப்பியின் தூண்டலாற் கோட்டிசோல் என்னும் ஓமோன் சுரக்கிறது. மலையிற் குளவி கலைந்தால் ஓடித் தப்புவதற்கு இவ்வேற்பாடு பெரிதும் உதவும். ஆனால் ஓயாத தாக்கத்துக்கு உட்பட்ட எலிகளில் அதிரீனல் பருத்தும், நிணநீர் இழையங்கள் சுருங்கியும், இரைப்பை புண்பட்டும் காணப்பட்டதை 1936இல் மொன்றியலிலிருந்து ஹான்ஸ் செலி எடுத்துக்காட்டினார். காக்கும் ஏற்பாடே, நீடித்தால், கேடாகிறது.

குளவி போய்விடும், நிறுவைக் கணக்கு போவதில்லை. குறித்த கிலோ கொழுந்தை எடுக்காதவளுக்கு அரைப்பேர்தான். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின், எடுக்கவேண்டிய அளவு உயர்த்தப்பட்டதென்ற முறைப்பாடுகள் பரவலாக எழுந்தன. வேலையின் சுமை மிகுந்தும், அதன்மீது தொழிலாளிக்குள்ள அதிகாரம் குறைந்தும் இருக்கும் நிலையே மிகுந்த நெருக்கீட்டைத் தருமென 1979இல் றொபேட் கறசெக் வாதிட்டார். அவர் கொழுந்து மடுவத்தை மனத்திற் கொண்டு எழுதியவரல்லர். எனினும் அதற்கு அவ்வாதம் அப்படியே பொருந்துகிறது.

இங்கு ஒரு விந்தையையும் குறிப்பிடலாம். யூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்ட கச்சான் காற்று வறண்டு ஊவாவில் இறங்குகிறது. அவ்வறட்சியால் தேயிலைச் செடியும் நெருக்கீட்டுக்கு உள்ளாகிறது. நெருக்கீட்டின்போது தாவரங்கள் ஆக்கும் மெதைல் சலிசிலேற்று முதலிய மணப்பொருள்களே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித்தந்தவை. செடியின் துன்பத்துக்கு விலையுண்டு. அதே பருவத்திற் கொழுந்து அருகுவதால் நிறை குறையும் பெண்ணின் துன்பத்துக்கு விலை இல்லை.

நெருக்கீட்டின் இன்னொரு கூறு நிச்சயமின்மை. முன்னறிவிப்புடன் வரும் மின்னதிர்ச்சியிலும் பார்க்க, அறிவிப்பின்றி வருவதே எலிகளின் இரைப்பையை மிகுதியாகப் புண்படுத்துமென ஜே வைஸ் செய்த பரிசோதனைகள் காட்டின. 1948இற் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களின் வரலாற்றை இதனோடு பொருத்திப் பார்க்கவேண்டும். எஞ்சிய நாடற்றோர்க்கு வழிசெய்யும் சட்டம் 2003 வரை வரவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அதன்பின், சரிவிலுள்ள லயத்தில் மழை இரவு உறக்கத்தைப் பறிப்பதில் வியப்பென்ன?

தணிக்கும் வழிகள் இல்லாமலில்லை. மூச்சை மெல்ல நீட்டி வெளிவிடும்போது அலையும் நரம்பின் வழியே இதயத்துடிப்புத் தணிகிறது. எவரும் பயிலக்கூடியது இது. சாராயம் உறக்கத்தைத் தருவதுபோற் காட்டி நள்ளிரவிற் பறித்துவிடும். மனத்திலுள்ளதை நம்பிக்கைக்குரியவரிடம் பேசுவது மிக நல்லது. ஆனால் 'தனிமையில் அமைதியாக அமர்க' என்னும் கைநூல் அறிவுரை, ஓர் அறைக்குள் மூன்று தலைமுறை வாழும் குடும்பத்துக்கு நகைப்பையே தரும்.

நம் நாட்டுத் தற்கொலை வீதத்தின் வரலாறு இங்கு நோக்கற்பாலது. அது 1995 அளவில் உச்சத்தை அடைந்தது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, அடுத்த இருபதாண்டுகளிற் பாதிக்கும் கீழே இறங்கியது. அக்காலத்தில் மக்களின் கவலை பாதியாகிவிடவில்லை. எட்டும் தூரத்திலிருந்த நஞ்சுதான் அகற்றப்பட்டது. தராசைத் தொழிலாளி தானே பார்த்துச் சரிபிழை சொல்லும் உரிமை, நீருக்கெனக் கழிக்கும் நிறைக்கு எழுத்திலான வரையறை, அபாயச் சரிவுகளிலிருந்து லயங்களை அகற்றல் என்பவற்றையும் நாம் இவ்வகை மருத்துவத்திலேயே சேர்க்கிறோம்.