அரிவரி வகுப்பும் அஞ்சாமையும்

விசயதசமி நாளில் ஏடு தொடக்குதல் நம்மவர் மரபு. பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றித் தட்டிற் பரப்பிய அரிசியில் அகரம் வரைவிப்பர். இதனை வெறுஞ் சடங்கென ஒதுக்குவாரும் உளர். ஆயின், 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவிக் கற்கும் முறையையே கையாண்டார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார். கண் காணும் வடிவத்தைக் கையும் உணர்தல் வேண்டும் என்பதே இவ்விரண்டின் உட்பொருளுமாகும்.

ஏடு தொடக்கியபின் நேர்வது யாது? தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247. அவற்றை வரிசைப்படி மனனஞ் செய்வித்தல் பழைய முறை. அகரமும் இகரமும் வளைவும் சுழியும் உடையன. பிஞ்சுக் கைக்கு எளிதில் வாரா. ஆதலின் ட, ப, ம என்னும் நேர்கோட்டு வடிவங்களை முன்வைத்துத் தொடங்குதல் நன்று. இம்மூன்றும் ஒரு புள்ளியும் அறிந்த பிள்ளை, படம், மடம், பட்டம் என வாசித்துவிடும். சில நாளிலேயே ஒரு சொல்லைத் தானே வாசித்த குழந்தைக்கு, 'என்னால் இயலும்' என்னும் துணிவு பிறக்கின்றது. அத்துணிவே பிற்காலக் கல்விக்கெல்லாம் முதல்.

இதனை யாம் நூலினின்று மட்டும் கற்றோமல்லோம். பாலர் வகுப்பிற் கற்பித்த நாளில், கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மைந்தன் இரு திங்கள் வாய் திறந்திலன். அவன் கொப்பியிற் கண்ட பிழை அனைத்தையும் சிவப்பு மையாற் சுழித்தோம். அவன் மேலும் ஒடுங்கினான். 'மந்தன்' என்று முடிவுகட்ட இருந்த வேளையில், ஒருநாட் காலை கடற்கரையில் அவனைக் கண்டோம். தந்தை மீனைக் கூறிட, "ஒரு கூறிலை அஞ்சு, நாலு கூறு இருபது" என உரத்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தான். மறுநாள் வகுப்பிற் சிப்பிகளைக் கொட்டிக் கூறு வைக்கும்படி அவனிடமே கூறினோம். ஏனைய பிள்ளைகளுக்கு அவன் ஆசானானான். எழுத்துக்களும் அதன்பின் ஒவ்வொன்றாய் அவனுக்கு வசமாயின. குறை அவனிடத்தன்று, எம்மிடத்ததே என உணர்ந்தோம். அன்றுமுதல் ஒரு கொப்பியில் ஒரு பிழைக்கு மேற் சுட்டுவதில்லை. சரியான விடை ஒன்றையேனும் பாராட்டாது விடுவதுமில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. வறிய பிள்ளைக்கும் கதவு திறந்தது. 1999இல் நாடளாவ நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், தொடக்க வகுப்புகளில் எழுத்து வேலையோடு விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் இடம் வகுத்தது. எனினும் திறந்த கதவினுள் அஞ்சாது புகும் உள்ளத்தைச் சட்டம் தந்துவிடாது. அது பெற்றோரும் ஆசிரியரும் தருவது.

1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய விபுலாநந்த அடிகள், பின்னர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அத்தகு பெரும் புலமைக்கும் காரைதீவுச் சிற்றூரிற் பெற்ற தொடக்கக் கல்வியே அடித்தளம்.

பழைய மாணவ அன்பர்களே! உங்கள் மக்களும் பேரரும் பள்ளியினின்று மீளும் மாலையில், "எத்தனையாம் பிள்ளை?" என வினவற்க. "இன்று என்ன புதிதாய்க் கண்டாய்?" எனக் கேண்மின், அவர் விடை கூறி முடிக்கும்வரை பொறுத்திருமின்.