கண்ணுக்குத் தெரியாத கங்காணி

என் தாத்தா செமிலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனால், கங்காணி நிரை நிரையாக வந்து வெட்டைப் பார்ப்பார். பட்டையில் காயம் இருந்தால் ஏச்சு விழும். "ஆனாலும் அவர் வர்றது கண்ணுக்குத் தெரியும்" என்பார் தாத்தா.

நான் கணினித் துறையில் படித்து, ஒரு தனியார் நிறுவனத்தில் கணினி வலையமைப்பைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தேன். அப்போதுதான் நானே ஒரு கங்காணி ஆகிவிட்டேன் என்பது புரிந்தது. நான் பார்ப்பது யாருக்கும் தெரியாது.

அலுவலகத்தில் நாம் திறக்கும் ஒவ்வோர் இணையத்தளமும் நிறுவனத்தின் வலையமைப்பைக் கடந்தே செல்கிறது. எந்தக் கணினி, எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தரவு என்பனவற்றை அங்கேயே பதிவு செய்ய முடியும். உலாவியில் 'மறைமுக உலா' வசதியைப் பயன்படுத்தினால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கின்றனர். அது அந்தக் கணினியில் உலாவல் வரலாறு சேமிக்கப்படாமல் மட்டுமே பார்த்துக்கொள்ளும். வலையமைப்பின் பதிவேட்டைத் தொடாது.

முகவரியில் பூட்டுச் சின்னம் உள்ள தளங்களில் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்படுகிறது. எனினும், தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும். நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழைக் கணினியில் நிறுவியிருந்தால், அந்தப் பூட்டையே நடுவழியில் திறந்து படித்துவிட்டு மீண்டும் பூட்டி அனுப்பவும் முடியும். கணினியிலேயே கண்காணிப்பு மென்பொருள் இருந்தால், திரையைப் படம் பிடிக்கலாம். தட்டும் விசைகளைப் பதியலாம். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் திறப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு நியாயமான காரணங்களும் உண்டு. நச்சுநிரலைத் தடுக்கவும், வாடிக்கையாளர் தகவல் திருடு போகாமல் காக்கவும் பதிவேடு தேவை. அப்படியானால் எல்லை எது?

ஒரு நாள் மேலாளர் ஒருவர், பணியாளர் ஒருவரின் ஒரு மாத இணையப் பதிவைக் கேட்டார். எழுத்து மூலம் எதுவும் இல்லை. நான் முழுவதையும் எடுத்துக் கொடுத்தேன். அதில் மதிய உணவு நேரத்தில் அவர் தேடிய சிறுநீரகச் சிகிச்சைத் தளங்களும் இருந்தன. அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று, இரண்டே நாளில் அலுவலகம் முழுவதும் பரவியது. வேலை நேரக் கணக்கை மட்டும் கொடுத்திருந்தால் போதும். அந்தத் தவறு என்னுடையதும்தான்.

ருமேனியாவில் பொறியாளர் பர்புலெஸ்கு, அலுவலக யாகூ மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதால் 2007இல் வேலை இழந்தார். 5.9.2017 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை இருந்தது உண்மைதான்; ஆனால் கண்காணிப்பின் தன்மையும் அளவும் அவருக்கு முன்கூட்டியே சொல்லப்படவில்லை என்பது முக்கியக் காரணம்.

அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால், சிவராசா ராசையா வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5ஆம் விதி கூறும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது. 15.11.2013 முதல் நடப்பில் உள்ள 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், என்ன தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என எழுத்து மூலம் அறிவிக்கச் சொல்கிறது. கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது.

மாணவ நண்பர்களே, வேலையில் சேரும்போது கணினிப் பயன்பாட்டு விதிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சொந்த விஷயங்களைச் சொந்தக் கைப்பேசியில், சொந்த இணைய இணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். என் துறைக்கு வருபவர்கள், யாராவது பதிவேட்டைக் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேவையான பகுதியை மட்டும் கொடுங்கள்.

கண்காணிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம். கங்காணி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.