தன் வாலையே கடிக்கும் சுகர் கிளைடர்

கேமரன் மலையில் இரவில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் எல்லாரும் போர்வைக்குள் சுருண்ட பிறகுதான் செல்லப்பிராணியான சுகர் கிளைடர் விழித்தெழும். பழம் கொறிக்கும், கூண்டில் தாவும், நாய்க்குட்டி போலக் குரைக்கவும் செய்யும். ஆனால் சில நாள்களில் காலையில் கூண்டைத் திறந்தால் வாலின் அடியில் முடி உதிர்ந்து, ரத்தம் கசிந்திருக்கும். கூண்டுக்குள் வேறு பிராணி எதுவும் இல்லை. கடித்தது அதுவேதான்.

இதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்து அதட்டுபவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை, பயம்தான் கூடும். கூண்டில் அடைபட்ட சுகர் கிளைடர்கள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வது விலங்கு மருத்துவர்கள் நன்கு அறிந்த கோளாறு. தனியாக வளரும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதும் இத்தகையதே.

காரணம் புரிய, இது யார் என்று தெரியவேண்டும். நம் காட்டுப் பறக்கும் அணிலைப் போலவே கைக்கும் காலுக்கும் நடுவே தோல் விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும். ஆனாலும் இது அணில் அல்ல. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இனம். சொந்த ஊர் ஆஸ்திரேலியா, நியூ கினி காடுகள். அங்கே ஒரே மரப்பொந்தில் பல கிளைடர்கள் ஒன்றாகப் படுத்துறங்கும். ஆணின் தலையில் ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. அதைத் தேய்த்துத் தன் கூட்டத்தாரை அடையாளமிடும். (ஆணின் உச்சியில் தெரியும் வழுக்கை அந்தச் சுரப்பிதான்; அதை நோய் என்று எண்ணிப் பதற வேண்டாம்.) இப்படிப்பட்ட பிராணியை ஒற்றையாக ஒரு சிறு கூண்டில் வைத்தால், அதன் இரவு முழுவதும் வெறுமையாகிவிடுகிறது. அந்த மன உளைச்சலில் முடியைக் கோதுவது அளவு மீறி, தோலைக் கடிப்பதில் போய் முடிகிறது.

எனினும், தனிமைதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீர்ப் பாதையில் தொற்று, வாலடிச் சுரப்பியில் வீக்கம், அறுவைக்குப் பின் போட்ட தையல் ஆகியவையும் அதைக் கடிக்கத் தூண்டும். வலிக்கும் இடத்தைச் சொல்ல அதற்கு வாய் இல்லை, பல்தான் உண்டு. கடித்தால் புண் பெரிதாகும். புண் வலித்தால் மீண்டும் கடிக்கும். ஒரே இரவில் நிலைமை மோசமாகலாம். ஆகவே முதல் வேலை, மலையிறங்கி ஈப்போ போன்ற நகருக்குப் போகவேண்டி வந்தாலும் சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுவது. சிறு பெட்டியில் கம்பளித் துணி சுற்றிக் கொண்டுபோகலாம். கோடாலித் தைலம் தடவுவதும், பனடோலை நசுக்கிக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். அதன் எடையே 100 முதல் 150 கிராம்தான்.

மருத்துவர் வலி மருந்து கொடுத்து, வாய் புண்ணுக்கு எட்டாதபடி கழுத்தில் புனல் வடிவப் பட்டை மாட்டுவார். பட்டை கடிப்பதைத் தடுக்கும், காரணத்தை நீக்காது. கழற்றிய பிறகு பழைய கூண்டு, பழைய தனிமை என்றால் மறுபடியும் கடிக்கத் தொடங்கும்.

கேமரன் மலைக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கூண்டில் வளரும் கிளைடருக்கு 24 முதல் 27 டிகிரி வெப்பம் ஏற்றது. குளிரும் பசியும் சேர்ந்தால் அது உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு அசைவற்றுக் கிடக்கும். செத்துவிட்டது என்று பதறாமல், உள்ளங்கையில் ஏந்தி மெல்லச் சூடேற்றவேண்டும். கூண்டை ஜன்னலோரம் வைக்காமல், தடித்த துணிப்பை தொங்கவிட்டால் அதற்குள் படுத்துக்கொள்ளும்.

புண் ஆறிய பிறகு துணை தேடலாம். புதியதை நேராகப் பழைய கூண்டில் விட்டால் சண்டை வரும். இரு கூண்டுகளையும் அருகருகே வைத்து, துணிப்பைகளை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகும். ஆணும் பெண்ணும் என்றால் குட்டி பெருகும். ஆணுக்குக் கருத்தடை செய்வதுபற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தன்னைக் கடிக்கும் ஆண்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவும் அதைச் செய்வதுண்டு.