கேட்கப்படாத இசைத்தொகுப்புகளும் எமது கடமையும்

இசை உலகில் ஒரு படைப்பின் வெற்றியை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனை எந்த நிறுவனம் வெளியிட்டது, எந்த வானொலி ஒலிபரப்பியது, எந்தக் கடையின் அலுமாரியில் அது வைக்கப்பட்டது, அதைப் பற்றி நான்கு பேரிடம் எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள் என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்று தவறினாலும் நல்லதொரு இசைத்தொகுப்பு வெளிவந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடக் கூடும். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரைச் சேர்ந்த ரொட்ரிகஸ் என்ற பாடகர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட முதலாவது அல்பம் அவரது சொந்த நாட்டில் ஏறத்தாழ எவராலும் கவனிக்கப்படவில்லை. அதே அல்பம் தென்னாபிரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. அச்செய்தி அவரை எட்டியது 1990களின் பிற்பகுதியிலேயே ஆகும். இசை மாறவில்லை; அதனைக் கேட்பவரிடம் கொண்டு சேர்த்த வழியே மாறியிருந்தது.

இத்தகைய நிலைமை பிறருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் மண்ணில் உருவான, அதிலும் எமது யாழ்ப்பாணத்துடனும் மட்டக்களப்புடனும் நேரடித் தொடர்புடைய சில இசைத்தொகுப்புகள் எம்மவரில் பெரும்பாலானோரால் இன்றுவரை கேட்கப்படாமலே உள்ளன. அவை எவை, ஏன் கேட்கப்படவில்லை, இனியாவது கேட்கப்படுவதற்கு என்ன செய்யலாம் என்பன குறித்து இங்கு நோக்குவது பொருத்தமாகும்.

முதலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' என்ற அல்பத்தை எடுத்துக்கொள்வோம். 'இதற்கு எப்படிப் பெயரிடுவது?' என்பது அத்தலைப்பின் பொருள். 1986ஆம் ஆண்டு வெளிவந்த இத்தொகுப்பு பாடல் வரிகள் அற்றது. முற்றிலும் வாத்திய இசையாலானது. 1976இல் 'அன்னக்கிளி' திரைப்படத்தின் மூலம் அறிமுகமாகிப் பத்தாண்டுகளில் தமிழ்த் திரையிசையின் அசைக்க முடியாத இடத்தைப் பிடித்திருந்த ஒருவர், திரைப்படத் தேவை எதுவுமின்றித் தமது விருப்பத்துக்காக ஆக்கிய இசை இது. கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கும் ஜேர்மனிய இசை மேதை பாக்கிற்கும் இதனை அவர் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலினே இதன் மையக் குரலாகும்.

இத்தொகுப்பின் சிறப்பைப் புரிந்துகொள்ள இரு இசை மரபுகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று. எமது இசை ஒற்றை இழையில் நடப்பது. பாடகர் ஒருவர் இராகத்தை விரிக்க, வயலின் அவரைப் பின்தொடரும். ஒரே மெட்டே எல்லாரையும் வழிநடத்தும். பாக் கையாண்ட முறையோ பல இழைகளைக் கொண்டது. ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். சற்றுப் பிந்தி இரண்டாவது குரல் அதே மெட்டை வேறொரு சுருதி நிலையில் தொடங்கும். முதற்குரல் அப்போது வேறொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். இவ்வாறு மூன்று, நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்தியும் தழுவியும் செல்லும். இராகத்தின் இயல்பு கெடாமல் இவ்விரு முறைகளையும் ஒரே இடத்தில் நிறுத்துவது எளிதான காரியமன்று. இராகத்துக்கு உரிய கமகங்கள் ஒரு பக்கம் இழுக்க, சுரங்களின் அடுக்கு மறுபக்கம் இழுக்கும். 'பாக்கை எனது வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட பகுதியில், பாக் தனி வயலினுக்காக எழுதிய படைப்பொன்றின் மீது இளையராஜா தமது இழைகளைப் பின்னியிருப்பதைக் கேட்போர் அவ்விழுபறி எவ்வாறு இணக்கமாக மாறுகின்றது என்பதைத் தாமே உணரலாம்.

இந்த இசையை எம்மவரில் பலர் ஏற்கனவே கேட்டிருக்கின்றனர், ஆனால் அதன் பெயரை அறியாமலே கேட்டிருக்கின்றனர் என்பதுதான் இதில் வியப்புக்குரியது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திரா தமது 'வீடு' திரைப்படத்துக்குப் பின்னணி இசையாகப் பயன்படுத்தியது இத்தொகுப்பைத்தான். 1988இல் வெளிவந்த அப்படத்தில் பாடல்களே இல்லை. சிறிய வீடொன்றைக் கட்டி முடிக்கப் போராடும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணையும், கட்டி முடியாத அவ்வீட்டைத் தனியே சென்று பார்த்து மகிழும் முதியவரையும் நினைவில் வைத்திருப்போர் பலர். அப்படத்தில் ஒலித்த இசை தனியொரு தொகுப்பாக முன்னரே வெளிவந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. திரைப்படம் என்ற வாகனத்தில் ஏறிவந்த போது வரவேற்கப்பட்ட அதே இசை, தனித்து நடந்துவந்த போது அடையாளம் காணப்படவில்லை.

ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை முன்னிறுத்தி 1988இல் இளையராஜா வெளியிட்ட 'நத்திங் பட் விண்ட்' என்ற தொகுப்பின் நிலையும் ஏறத்தாழ இதுவே. எனினும் 2005இல் புடாபெஸ்ற் சிம்பொனி இசைக்குழுவின் பங்களிப்புடன் அவர் வெளியிட்ட 'திருவாசகம்' பரவலான கவனத்தைப் பெற்றது. மாணிக்கவாசகரின் வரிகள் எல்லாருக்கும் தெரிந்தவை என்பது அதற்கு ஒரு காரணம். அதனை மக்களிடம் எடுத்துச் செல்ல ஓர் அமைப்பும் பல ஆர்வலர்களும் முன்னின்று உழைத்தனர் என்பது மற்றொரு காரணம். அறிமுகம் செய்வோர் இருந்தால் கேட்போரும் இருப்பர் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா 1950களில் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தார். அவருடைய புதல்வர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகிய மூவரும் தமது இளமைக் காலத்தை இங்கேயே கழித்தனர். தந்தையிடமே வயலின் பயின்றனர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தைத் தொடர்ந்து அக்குடும்பம் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் இம்மூவரும் உலக இசையில் அடைந்த இடம் சாதாரணமானதன்று.

மூத்தவரான வைத்தியநாதன் திரையிசைக்குச் சென்றார். 1982இல் பாரதியின் பாடல்களுக்கு அவர் இசையமைத்த 'ஏழாவது மனிதன்' படத்தையும், உரையாடலே இல்லாத 'பேசும் படம்' திரைப்படத்துக்கு அவர் வழங்கிய இசையையும், 'மால்குடி டேய்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையையும் அறிந்தவர்கள் அவரது ஆற்றலை அறிவர். 2007இல் அவர் காலமானார். சுப்பிரமணியம் மேடைக் கச்சேரிகளோடு நின்றுவிடாமல் மேலைத்தேயக் கலைஞர்களுடன் இணைந்து பல தொகுப்புகளை வெளியிட்டார். பிரெஞ்சு ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்ரெபான் கிரப்பெல்லியுடன் இணைந்து 1984இல் வெளியிட்ட 'கொன்வசேஷன்ஸ்' அவற்றுள் ஒன்று. 'உரையாடல்கள்' என்ற அப்பெயருக்கேற்ப, இருவேறு மரபுகளைச் சேர்ந்த இரு வயலின்கள் அதில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

இளையவரான சங்கர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பிரித்தானிய கித்தார் கலைஞர் ஜோன் மக்லாப்ளின், தபேலா மேதை ஸாகிர் ஹுசைன், கடம் வித்துவான் விநாயக்ராம் ஆகியோருடன் அவர் இணைந்து உருவாக்கிய 'சக்தி' குழு 1976, 1977ஆம் ஆண்டுகளில் மூன்று அல்பங்களை வெளியிட்டது. பல ஆண்டுகளின் பின்னர் வேறு கலைஞர்களையும் இணைத்துக்கொண்ட அதே குழு 2023இல் வெளியிட்ட அல்பத்துக்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது. அவ்வேளையில், அக்குழுவின் தொடக்ககால வயலின் கலைஞர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்பது எம்மில் எத்தனை பேருக்கு நினைவில் இருந்தது?

சங்கரின் தொகுப்புகளுள் நாம் சிறப்பாகச் சுட்டிக்காட்ட விரும்புவது 1981இல் ஜேர்மனியின் ஈ.சீ.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' என்ற அல்பமாகும். இதில் அவர் வாசிப்பது சாதாரண வயலின் அன்று. இரு கழுத்துகளும் பத்துத் தந்திகளும் கொண்டு, வயலின் முதல் மிகத் தாழ்ந்த ஒலியுடைய டபிள் பேஸ் வரையிலான ஒலிகளை எழுப்பவல்ல இரட்டை வயலின். அவரே அதனை வடிவமைத்தார். இசைத்தட்டின் முதற்பக்கம் முழுவதும் இராகம் தானம் பல்லவி; மறுபக்கம் முழுவதும் 'ஆனந்த நடமாடும் பாதம்'. இரண்டே உருப்படிகள். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபேலா ஸாகிர் ஹுசைன். தாளம் போட்டு வழிநடத்தியவர் தந்தை லக்ஷ்மிநாராயணா. ஐரோப்பிய ஜாஸ் இரசிகர்களுக்காக வெளியிடப்பட்ட ஓர் இசைத்தட்டில், கச்சேரி ஒன்றின் நடுநாயகமான பகுதி எவ்வித சமரசமும் இன்றி இடம்பெற்றிருக்கின்றது. 1985இல் நோர்வே நாட்டு சாக்சபோன் கலைஞர் ஜான் கார்பரெக்குடன் இணைந்து அவர் வெளியிட்ட 'சோங் ஃபோர் எவ்ரிவன்' இதைவிட இலகுவானது. இவ்வகை இசைக்குப் புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

இவை ஏன் எம்மை வந்தடையவில்லை? முதலாவது காரணம், இவற்றை எந்த வகையில் சேர்ப்பது என்பது எவருக்கும் தெரியாமல் போனமையாகும். ஒலிநாடாக் கடைகளில் திரைப்படப் பாடல், பக்திப் பாடல், கர்நாடக இசை என்ற பிரிவுகள் இருந்தன. இவை மூன்றிலும் அடங்காத ஒன்று எங்கும் வைக்கப்படவில்லை. சபாக்களுக்கு இது அந்நியமாகவும், இளைஞர்களுக்கு இது சாஸ்திரியமாகவும் தோன்றியது. இரண்டாவது காரணம் வானொலி நிகழ்ச்சிகளின் அமைப்பாகும். மூன்று, நான்கு நிமிடப் பாடல்களுக்கென வகுக்கப்பட்ட நேரத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் இசைக்கு இடமில்லை. மூன்றாவது காரணம் எமக்கே உரியது. இத்தொகுப்புகள் வெளிவந்த காலம் போர் மூண்ட காலம். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றித் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களிடம், புதிய இசைத்தட்டுகளைத் தேடவில்லையே என்று குறை கூற எவருக்கும் உரிமையில்லை. 1995இன் பேரிடப்பெயர்வில் மக்கள் விட்டுச் சென்றவற்றுள் அவர்கள் சேர்த்துவைத்திருந்த ஒலிநாடாக்களும் இசைத்தட்டுகளும் அடங்கும்.

வரிகள் இல்லாத இசையை எம்மவர் கேட்கமாட்டார்கள் என்று கூறுவோரும் உளர். இக்கூற்றை எம்மால் ஏற்க முடியவில்லை. ஆலயத் திருவிழாக்களில் நாதஸ்வரத்தையும் தவில் சமாவையும் விடிய விடிய இருந்து கேட்ட சமூகம் இது. தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்க ஊர்விட்டு ஊர் சென்றவர்களுக்கு வரிகள் தேவைப்படவில்லை. அங்கு கேட்கும் பழக்கம் இருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று அருகிலிருந்து சொல்லித்தரும் மூத்தோரும் இருந்தனர். இழந்தது செவியை அன்று. அந்த மூத்தோரின் இடத்தையே ஆகும்.

அதேவேளை, மறக்கப்பட்டவை அனைத்தும் மகத்தானவை என்று நாம் கூறவில்லை. இவ்வகைக் கலப்பு முயற்சிகளுள் மேலோட்டமானவையும் ஏராளம். அவற்றை நிராகரிக்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு. ஆனால் கேட்ட பின்னர் நிராகரிப்பது வேறு. கேட்காமலே மறந்துபோவது வேறு.

இன்று இத்தொகுப்புகளைப் பெறுவது முன்னரைப் போன்று கடினமானதல்ல. ஈ.சீ.எம். நிறுவனம் 2017இல் தனது இசைத்தொகுப்புகளை இணைய இசைச் சேவைகளுக்குத் திறந்துவிட்டது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று அவற்றைத் தேடிக் கேட்கலாம். ஆயினும் அச்சேவைகள் நாம் நேற்றுக் கேட்டதைப் போன்றவற்றையே பெரும்பாலும் இன்றும் எம்முன் வைக்கின்றன. திரைப்பாடல் கேட்டவருக்கு மேலும் திரைப்பாடல்களே கிடைக்கும். பெயர் தெரியாத ஒன்றை எவரும் தேடப் போவதில்லை.

எனவே தேவைப்படுவது அறிமுகமேயாகும். அதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. எமது தமிழ் வானொலிகள் வாரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, ஒரு தொகுப்பை எடுத்து, அதன் பின்னணியை விளக்கி, முழுமையாக ஒலிபரப்பலாம். கடல் கடந்து தமிழகத்து மக்களையும் தன்பால் ஈர்த்த இலங்கை வானொலியின் வழிவந்தவர்களுக்கு இது புதிய கலையன்று. பாடசாலைகளின் சங்கீத ஆசிரியர்கள் இராகம் தானம் பல்லவியைக் கற்பிக்கும் நாளில் சங்கரின் இசைத்தட்டையும் மாணவருக்குக் கேட்கச் செய்யலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நுண்கலை பயிற்றும் பல்கலைக்கழக அலகுகள், லக்ஷ்மிநாராயணா குடும்பத்தின் யாழ்ப்பாணக் காலம் பற்றிய நினைவுகளையும் ஆவணங்களையும் திரட்டலாம். அக்காலத்தை நேரில் அறிந்தவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருப்பார்கள் என்பதால் இப்பணி தாமதத்தைத் தாங்காது.

எமது மண்ணில் வளர்ந்த பிள்ளைகளின் வயலின் ஓசையை மேலைநாட்டு இரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகின்றனர். அந்த ஓசை முதன்முதலில் எழுந்த ஊரிலும் அது கேட்கப்பட வேண்டும் என்பதே எமது விருப்பமாகும்.